ஆணி அடிக்காத சுவர்

புதுக்கோட்டையில் என் தங்கச்சி குடியிருக்கும் வாடகை வீட்டின் கூடத்துச் சுவரில் பென்சிலால் வைத்த ஒரு புள்ளி இருக்கிறது. கடுகைவிடச் சிறியது. கிட்டப் போய் நின்றால்தான் கண்ணில் படும். வைத்தது அவள் மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். பரீட்சை லீவில் அவள் சுவரில் மாட்டுகிற அலங்காரம் ஒன்று செய்திருந்தாள். கைக்குச் சின்னதாகிப் போன பழைய வளையல்களில் உல்லன் நூலைச் சுற்றி, ஒன்றோடு ஒன்று கோத்து, நடுவில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய மயில், கீழே வரிசையாக நூல் குஞ்சங்கள். "பாருங்க பெரியம்மா" என்று பீரோவிலிருந்து எடுத்து வந்தவள், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அதன் நுனியைச் சரியாக அந்தப் புள்ளியில் பொருத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடம் சட்டென்று வேறு கூடமாகிவிட்டது. கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். பிறகு இறக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, மறுபடி பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

"மாட்ட வேண்டியதுதானே?" என்றேன்.

"ஆணி கீணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வீட்டைக் குடுத்தாங்கக்கா" என்றாள் தங்கச்சி அடுப்படியிலிருந்து. ஒட்டுகிற கொக்கியையும் முன்பு ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். பாரம் தாங்காமல் அது பெயிண்டையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டதாம். காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களே என்று அன்றைக்கு இரவெல்லாம் அவளுக்குத் தூக்கம் இல்லை.

"அப்ப எங்க வீட்ல மாட்டிருவோமா? அங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்று பிள்ளையிடம் கேட்டேன்.

"இல்ல பெரியம்மா. இது இந்தச் சுவத்துக்குச் செஞ்சது."

அந்தப் பதிலும் அந்தப் புள்ளியும் சேர்ந்துதான் என்னைத் தொந்தரவு செய்கின்றன. அவள் அந்தச் சுவரை அளந்திருக்கிறாள். ஜன்னலுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவில், டிவி மறைக்காத உயரத்தில், நாற்காலி போட்டு ஏறி, ஸ்கேல் வைத்து நடுவைக் கண்டுபிடித்திருக்கிறாள். சுவரின் வெளிர் பச்சைக்குப் பொருந்தும்படி கரும்பச்சையும் மஞ்சளுமாக நூல் எடுத்திருக்கிறாள். மாட்ட முடியாது என்பது முதல் நாளே தெரியும். தெரிந்தும் அளந்தாள், தெரிந்தும் புள்ளி வைத்தாள். நமக்குச் சொந்தமில்லாத ஒரு சுவர்மேல் ஒரு பிள்ளைக்கு இத்தனை அக்கறை எங்கிருந்து வருகிறது? அதை வளர்த்துவிடுவதா, இது நம் வீடு இல்லை கண்ணு என்று மெல்ல அணைத்துவிடுவதா?

வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பேங்க் லோன் வாங்கிக் கட்டியவருக்கு ஒவ்வொரு சுவரும் ஒரு தவணை. சிமென்ட் பூச்சின் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவர் ஆணியைப் பொறுக்காது. அடித்த இடத்தில் பூச்சு பெயர்ந்து விழும். ஓட்டையை அடைத்தாலும் அடைத்த இடம் தனியாகத் தெரியும். அதை மறைக்க முழுச் சுவருக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். குடிவந்து போகிற ஒவ்வொருவரும் நாலு ஆணி அடித்தால் பத்து வருஷத்தில் சுவர் என்ன ஆகும் என்று அவர் கவலைப்படுவது நியாயம்தான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பில் எது யார் பொறுப்பு என்று அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் செய்ய வேண்டியவை. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, அடைத்துக்கொண்ட சாக்கடையைச் சரிசெய்வது, சுவிட்சையும் கதவுப் பூட்டையும் மாற்றுவது குடியிருப்பவர் செய்ய வேண்டியவை. கெட்டுப்போவதையெல்லாம் அந்தப் பட்டியல் பொறுமையாகப் பங்கு பிரித்திருக்கிறது. ஆணி அதில் இல்லை. அழகாக்கிக்கொள்ள ஆசைப்படுகிற விஷயத்தைச் சட்டத்தில் எழுதவும் முடியாது போல. அதை இரண்டு வீட்டு மனுஷர்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும். பேசினால் வாடகையை ஏற்றிவிடுவார்களோ, காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் தங்கச்சி பேசுவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கீரமங்கலம் பக்கத்துக் கிராமம். அப்பாயி வீடு மண்சுவர், ஓட்டுக்கூரை. அந்தச் சுவரில் ஆணி என்றே ஒன்று கிடையாது. வேப்பங்குச்சியைக் கூராகச் சீவி முளையாக அடித்திருப்பார்கள். சட்டை, சல்லடை, குடை எல்லாம் அதில்தான். முளை ஆடிப்போனால் பிடுங்கிவிட்டு, மண்ணையும் சாணியையும் குழைத்து ஓட்டையில் அப்பி, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. காய்ந்த பிறகு அங்கே முளை இருந்ததா என்று அப்பாயிக்கே தெரியாது. பொங்கலுக்குச் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்து, கீழே காவிப்பட்டை இழுத்துவிட்டால் பழைய வருஷம் முழுக்க மறைந்துவிடும். ஆறுகிற சுவர் அது. யாரும் எதையும் அதில் செய்து பார்க்கலாம்; தப்பானால் அடுத்த தைக்குள் சரியாகிவிடும்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பொருளை வைக்க அந்த வீட்டிலேயே இடம் இருந்தது. விளக்குக்கு மாடக்குழி. மோர்ப்பானைக்கு உறி. மேலே பரண். மாடக்குழியைச் சுற்றி அப்பாயி அரிசிமாவில் இழை இழைத்து ஒரு கோலம் போட்டிருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் செய்துவந்த களிமண் யானையை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது உன் எடம்" என்றார். கட்டும்போதே சுவர் தன்னிடம் ஒரு குழி விட்டு வைத்திருந்தது. இன்றைக்குக் கட்டுகிற சுவர் மொழுமொழு என்று இருக்கிறது. அதில் ஒரு பொருளுக்கு இடம் வேண்டுமென்றால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

அந்த அப்பாயி வீடு இப்போது இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்துப் போட்டபோது ஓடுகள் பறந்தன. மழை குடித்த சுவர் மாடக்குழியோடு சரிந்தது. அப்பாயி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். சொந்தச் சுவரும் சாசுவதம் இல்லை என்று அந்தக் குட்டிச்சுவரைப் பார்த்தபோது நினைத்தேன். ஆனால் சாசுவதம் இல்லாதது வேறு, ஆரம்பத்திலேயே அனுமதி இல்லாதது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நிலைக்காத அலங்காரம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 33 அடி உயரக் குதிரைச் சிலை ஒன்று உண்டு. மாசி மகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலை சாத்துவது நேர்த்திக்கடன். மாலை என்றால் கழுத்துக்கு மட்டும் இல்லை, குதிரையின் உயரத்துக்குத் தொங்கும் மாலை. கீரமங்கலம் வட்டாரமே மல்லிகை, முல்லை, கனகாம்பரம் பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்புகிற மண். பூவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் குதிரைக்குக் காகிதப் பூ. சின்ன வயசில் இது எனக்கு விளங்கவே இல்லை. இப்போது தோன்றுகிறது: பூவைச் செடி கொடுத்துவிடுகிறது, காகிதப் பூவின் ஒவ்வொரு இதழையும் யாரோ உட்கார்ந்து வெட்ட வேண்டும். வண்ணத்தாளை மடித்து, நறுக்கி, விரித்து, கோத்து. அந்த உட்கார்ந்த நேரத்தைத்தான் சாமிக்குக் கொடுக்கிறார்கள். காலையில் ஒன்றிரண்டாக விழத் தொடங்கும் மாலைகள் சாயங்காலத்துக்குள் குதிரையையே மூடிவிடும். திருவிழா முடிந்தால் வெயிலிலும் பனியிலும் சாயம் போய்விடும். அதற்காக யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு நாள்கூட என் தங்கச்சி மகளின் வளையல் மயிலுக்குக் கிடைக்கவில்லை. அவள் கை தாங்கிய கொஞ்ச நேரம்தான் அதற்குக் கிடைத்தது.

இதற்கு நேர் எதிரான வீடுகளும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. திருமயம் பக்கம் கடியாபட்டி, ராயவரம், அரிமளம் என்று போனால் நகரத்தார் வீடுகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பர்மாத் தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், இத்தாலிப் பளிங்கு, ரவிவர்மா படங்கள், சுவரின் உச்சியில் முன்பக்கம் சாய்த்து வரிசையாக மாட்டிய முன்னோர் படங்கள். அந்த வீட்டு ஆச்சிமார்களின் கைவேலை இன்னும் பெரிய அதிசயம். பனையோலையில் கொட்டான் முடைந்து அதற்குக் குரோஷா உறை போடுவார்கள். பாசிமணியில் படம் கோப்பார்கள். நடுவீட்டுக் கோலத்தை அளவு பிசகாமல் இழைப்பார்கள். எந்தச் சுவரில் எதை மாட்டவும் யாரையும் கேட்க வேண்டியதில்லாத வீடுகள். இன்றைக்கு அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் மலேசியாவிலும் இன்னும் தூரத்திலும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறந்து, தூசி தட்டி, பார்த்துவிட்டு மறுபடி பூட்டுகிறார்கள். சுவர் இருக்கிறது, படம் இருக்கிறது. தினமும் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து காப்பி குடிக்க ஆள் இல்லை. அங்கே கண் இல்லை, இங்கே ஆணி இல்லை. எது பெரிய குறை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காலேஜில் படித்தபோது ஒகாகுரா காகுசோவின் தேநீர் நூலைப் படித்திருக்கிறேன். 1906இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதை எழுதுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் இந்தியாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோடு பழகிய ஜப்பானியர் அவர். நூலில் பெரும்பாலானது மறந்துவிட்டது. ஓர் இடம் மட்டும் தங்கியிருக்கிறது. ஜப்பானிய வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு ஒதுக்கிடம் உண்டு. அதில் ஒரு நேரத்தில் ஒரு சித்திரச் சுருளும் ஒரு பூவும்தான் இருக்கும். வீட்டில் வேறு எத்தனை அருமையான பொருள்கள் இருந்தாலும் அவை கிடங்கில் உறங்கும். பருவத்துக்கும் விருந்தாளிக்கும் ஏற்ப ஒன்றை எடுத்து வைப்பார்கள். சுவர் நிறைய மாட்டி வைத்துவிட்டு நாள்தோறும் பார்க்காமலே கடந்துபோகும் பழக்கம் அவருக்கு ஒப்பவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். பீரோவில் இருப்பது தோல்வி இல்லையே? நம் வீட்டுக் கொலுப் பொம்மைகள் வருஷம் முழுக்கப் பெட்டியில் இருந்துவிட்டு ஒன்பது நாள்தானே வெளியே வருகின்றன? நவராத்திரியைக் கொண்டாடி மக்களுக்கு அம்மன் காசு என்ற நாணயத்தை வழங்கிய சமஸ்தானம் எங்கள் புதுக்கோட்டை. எடுத்து வைத்து மூடி வைக்கிற அழகு இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. கொலுப் படிக்கு ஆணி வேண்டாம். நாலு பலகை போதும்.

ஆனால் கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது. பெட்டிக்குள் இருக்கும் பொம்மைக்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. கிடங்கில் உறங்கும் சித்திரத்தை எழுப்புவது அந்த வீட்டுக்காரரின் விருப்பம். இந்தப் பிள்ளையின் மயிலுக்கு நாளும் இல்லை, எழுப்புகிற உரிமையும் அவளிடம் இல்லை. விரும்பி எடுத்து வைப்பதன் நிம்மதியை வேறு வழியில்லாமல் எடுத்து வைப்பவளுக்கு உபதேசமாகச் சொல்லக் கூடாது.

இந்த யோசனைகளுக்கு நடுவில் ஒருநாள் சித்தன்னவாசல் போனோம். அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். மலையின் மேற்குப்பக்கத்து அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம். மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதர்களும் அந்தத் தண்ணீரில் இருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வீடு வாசல் வேண்டாம் என்று விட்டு வந்த சமணத் துறவிகளின் மலையில், தலைக்கு மேலே ஒரு குளத்தை எழுத வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

மலையேறி மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். இயற்கையான குகையில் 17 கற்படுக்கைகள். பாறையை வழுவழுப்பாகத் தேய்த்து, தலை வைக்கும் பக்கம் மட்டும் சற்று மேடாக விட்டிருக்கிறார்கள். கருங்கல்லில் தலையணை. ஒரு படுக்கையோரம் 2,000 வருஷத்துப் பழைய தமிழ் பிராமி எழுத்தில் ஒரு செய்தி: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் செய்துகொடுத்த இருக்கை இது. எங்கோ பிறந்து இங்கே வந்து தங்கியவர். பாறை அவருக்குச் சொந்தமில்லை. அவர் சொந்தம் கொண்டாடுகிறவரும் இல்லை. பாறை யாருடையது என்று எழுத்து சொல்லவில்லை. யாருக்காக, யார் செய்தது என்று மட்டும் சொல்கிறது.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் தெளிந்தது போல இருந்தது. தங்குகிற இடத்தை நம்முடையதாக்குவது பத்திரம் இல்லை, அந்த இடத்துக்காகச் செலவழித்த அக்கறைதான். அளவெடுத்த அன்றைக்கே அந்தச் சுவர் அவளுடையதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. இறங்கி வரும்போது வழிப்பாறைகளில் வந்துபோனவர்கள் கிறுக்கி வைத்த பெயர்களைப் பார்த்தேன். அவர்களும் இந்த இடத்தில் தங்களுடையதாக ஏதோ ஒன்றை விட்டுப்போகத்தான் ஆசைப்பட்டிருப்பார்கள். ஓவியத்தைக் காப்பாற்றத் தொல்லியல் துறை காவல் போட வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் எல்லாச் சுவரும் திறந்திருந்தால் அந்தத் தாமரைக் குளம் என்றைக்கோ போயிருக்கும். ஆணி வேண்டாம் என்று சொல்பவரின் பக்கத்தில் இருந்த நியாயம் மறுபடி எழுந்து வந்துவிட்டது. வந்த தெளிவு அடிவாரம்வரைகூடத் தாங்கவில்லை.

அவள் என்னோடு வந்தாள், பார்த்தாள், கற்படுக்கையின் மேடான பக்கத்தைக் கம்பிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

"சொந்தமா ஒரு வீடு கட்டிட்டா எல்லாத்தையும் பாத்துக்கலாம்" என்பது தங்கச்சியின் பதில். நம்மில் பாதிப் பேரின் பதிலும் இதுதான். வீடு கட்டுவது கடனும் காலமும் கேட்கிற காரியம். அந்தப் பிள்ளை வளையல் சுற்றுகிற வயசு அதுவரை காத்திருக்காது. பன்னிரண்டாவது முடித்தால் ஹாஸ்டல், பிறகு வேலைக்குப் போகிற ஊரில் இன்னொரு வாடகை அறை. கைவேலையை வீட்டில் வளர்க்க வேண்டும், பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு எதையாவது செய்யட்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். செய்ததை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. செய்கிற சந்தோஷமே போதும் என்பது செய்து பார்த்தவர் சொல்லக்கூடியது. வைக்க இடம் இருக்கிறவர் அதைச் சொன்னால் கேட்க நன்றாக இல்லை. நான் இரண்டாவது வகை.

ஆணி வேண்டாத அலங்காரமாகச் செய்யச் சொல்லிக் கொடுக்கலாம்: மேசைமேல் நிற்கிறது, ஜன்னல் கம்பியில் கட்டுகிறது, கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது. அது புத்திசாலித்தனம், தன் ஆசையை இடத்துக்குத் தக்கபடி மடித்துக்கொள்ளப் பழக்குவதும்கூட. அது வாழ்க்கைக்கு வேண்டிய பாடமா, அவ்வளவு சின்ன வயசில் கற்றுக்கொள்ளக் கூடாத பாடமா? வீட்டுக்காரரிடம் நானே போய், ஒரே ஒரு ஆணி, காலி பண்ணும்போது நாங்களே பூசித் தருகிறோம் என்று கேட்கலாம். அவர் சரி என்றும் சொல்லக்கூடும். ஆனால் கேட்டு வாங்கிய ஆணியில் தொங்குவது அவளுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. தங்கச்சிக்குச் சங்கடம் வருமா என்றும் தெரியவில்லை.

ஒரு வீட்டின்மேல் பாசம் வைக்க அது நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு நேரம் உறுதியாகத் தோன்றுகிறது. இல்லாதவர்களிடம் இருப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த சமாதானம்தானே அது என்று அடுத்த நேரம் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ சரியான பதில் இருக்க வேண்டும். இத்தனையும் எழுதிய பிறகும் அது எனக்குப் பிடிபடவில்லை. அவள் என்னிடம் நேராகக் கேட்டுவிட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியாது.